வருடப் பாஸ் இருந்தும் ஈசிஆரில் தெண்டம் கட்டிய கதை

ஃபாஸ்டேக் வருடப் பாஸ் எடுத்தாயிற்று, இனி டோல்கேட்டில் கண்ணாடியைக்கூட இறக்க வேண்டாம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், சென்னையிலிருந்து நாகப்பட்டினம் பக்கம் ஈசிஆரில் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2026 ஜனவரிக் கடைசியில், சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நானும் அம்மாவும் காரில் போய் வந்தோம். வண்டி ஓட்டியதும் நான், வழி நெடுக மல்லுக்கு நின்றதும் நான். பாஸ் வாங்குவதெல்லாம் சுலபம்தான்: தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா ஆப், அப்போது 3000 ரூபாய், கொஞ்ச நேரத்தில் ஆக்டிவ்.

முதலில் உத்தண்டி டோல்கேட். அங்கே பாஸ் செல்லாது. மாமல்லபுரம் வரைக்கும் சாலை மாநில அரசுடையது, தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. பாஸோ தேசிய நெடுஞ்சாலை, விரைவுச்சாலை டோல்களுக்கு மட்டும். ஆகவே உத்தண்டியில் டேக்கின் வாலட்டிலிருந்துதான் (நாம் ரீசார்ஜ் செய்து வைக்கும் பணம்) டோல் போகும், எனக்கும் போயிற்று. பாஸுக்குக் கட்டிய 3000 வேறு, வாலட் வேறு. பாஸ்தான் இருக்கிறதே என்று வாலட்டைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். வரிசையில் நின்றபடியே ரீசார்ஜ் செய்துகொள்ளலாம் என்றும் நம்ப வேண்டாம், மாநிலச் சாலை டோல்கள் சிலவற்றில் டேக் நிலவரம் உடனுக்குடன் மாறாது, பட்டியல் புதுப்பிக்கும் வரை பழையதைத்தான் காட்டும்.

சரி, மாமல்லபுரம் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை 332ஏ, அதற்கு மேல் பாஸ்தான் என்று தைரியமாகப் போனேன். அடுத்து வந்த டோல்களில் ஒன்றில் (எது என்பது வேண்டாம்) கம்பு தூக்கவில்லை. கொஞ்சம் பின்னால் எடுத்து மறுபடி முன்னால் வந்தேன், அப்போதும் இல்லை. பூத்தில் இருந்த பையன் கையில் பிடிக்கும் மெஷினை எடுத்து வந்து கண்ணாடியில் ஒட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் எடுக்கல அக்கா, கேஷ் குடுத்துடுங்க, டபுள்" என்றான். இங்கேதான் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டேக் சரியாக இருந்து, பேலன்ஸும் இருந்து, அவர்கள் மெஷின் படிக்கவில்லை என்றால் நாம் ஒரு பைசா தர வேண்டியதில்லை. பூஜ்யம் ரூபாய்க்கு ரசீது போட்டு விட்டுவிட வேண்டும், 2018-லிருந்தே அப்படி விதி இருக்கிறது. அதைச் சொன்னதும்தான் பையன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். பிளாக்லிஸ்ட்.

காலையில் உத்தண்டியில் பச்சை காட்டிய அதே டேக்! போனை எடுத்துப் பார்த்தால் நடுவில் பாங்க்கிலிருந்து எஸ்எம்எஸ் வந்து கிடக்கிறது, கேஒய்வி முடிக்காததால் டேக் நிறுத்தப்பட்டது என்று. கேஒய்வி என்பது வண்டியின் போட்டோவும் ஆர்சியும் ஏற்றி, டேக் இந்த வண்டியில்தான் ஒட்டியிருக்கிறது என்று காட்டும் சோதனை. முடிக்காதவர்களுக்கு உடனே துண்டிக்க மாட்டோம், அவகாசம் தருவோம் என்றுதான் 2025 கடைசியில் அறிவிப்பு வந்தது. எனக்கு அதற்கு முன்னால் ஒரு நினைவூட்டல்கூட வரவில்லை, இன்பாக்ஸை மேலும் கீழும் தேடிவிட்டேன். கடன் வேண்டுமா என்று மட்டும் அதே பாங்க் வாரம் தவறாமல் கேட்டிருக்கிறது.

பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது. அம்மா, "அவன் கேக்கறதக் குடுத்துட்டு வாயேன்டி, முகூர்த்தம் போயிடும்" என்கிறாள். முகூர்த்தம் மறுநாள் காலை.

கொடுத்திருப்பேன், ஆனால் அப்போதிருந்த விதிப்படி டபுள் என்பது கேஷுக்கு மட்டும்தான். 2025 நவம்பர் 15-லிருந்து, செல்லுபடியான டேக் இல்லாமல் வந்தாலும் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு போதும். 100 ரூபாய் டோல் என்றால் கேஷில் 200, யுபிஐயில் 125. "க்யூஆர் கோடு எங்க தம்பி?" என்றேன். "வேலை செய்யல அக்கா." சரி, சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள், நான் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் போடுகிறேன் என்று ஸ்பீக்கரில் போட்டு நம்பரை அழுத்த ஆரம்பித்தேன். இந்தி, ஆங்கிலம் என்று அது மொழி கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து பூத்திலிருந்து க்யூஆர் அட்டை வந்துவிட்டது. நன்றாக வேலை செய்தது. அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை, மேலே என்ன சொல்லி வைத்திருக்கிறார்களோ அதைத்தான் சொல்வான். ஆனால் கேட்காதவர்கள் எல்லோரும் அன்றைக்கு டபுள்தான் கட்டியிருப்பார்கள்.

ரசீது கேட்டு வாங்குங்கள், வாங்கியதும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வழவழ காகிதத்தை டேஷ்போர்டில் போட்டு வைத்தால் கடலோர வெயிலில் சாயங்காலத்துக்குள் எழுத்து மங்கிப்போகும். இது பின்னால் தேவைப்பட்டது.

டோல் தாண்டினால் ஓரத்தில் குடை போட்டு ஃபாஸ்டேக் விற்கும் பையன்கள். ஒருவன் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான், "பிளாக்லிஸ்ட்டாக்கா? அஞ்சே நிமிஷம், வேற பாங்க்கு டேக் போட்டுத் தரேன், ஆர்சி காட்டுங்க போதும்." அவசரத்தில் தலையாட்டிவிடாதீர்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான், புதியது போட்டால் பழையது செத்துவிடும். என் பாஸ் பழைய டேக்கில் ஏறியிருக்கிறது, அதைப் புதியதற்கு மாற்றித் தருவீர்களா என்றேன். "பாஸ்னா என்னக்கா?" என்றான். நகர்ந்துவிட்டேன்.

அப்புறம் பாங்க் கஸ்டமர் கேர். பாட்டு, எண் அழுத்து, பாட்டு. கடைசியில் வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், போட்டோ ஏற்றுங்கள் மேடம், சரிபார்த்துத் திறந்துவிடுவோம் என்றார். முன்பு பக்கவாட்டுப் படமெல்லாம் கேட்டார்கள், காருக்கு இப்போது முன்பக்கம் ஒரு படம் போதும்: நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும், கண்ணாடியில் டேக்கும் தெரிய வேண்டும். ஒரே படம்தானே என்று நினைக்காதீர்கள். டேக் ஒட்டியிருப்பது கண்ணாடியின் உச்சியில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால்; பிளேட் இருப்பது கீழே. உச்சி வெயிலில் கண்ணாடி முழுக்க வானம்தான் தெரிகிறது. எடுக்க எடுக்க ஆப் தெளிவில்லை, தெளிவில்லை என்று தள்ளிவிடுகிறது. அம்மா காரிலிருந்து இறங்கி, பெரிய கறுப்புக் குடையை விரித்து பானெட்டுக்கு மேல் சாய்த்துப் பிடித்தாள், எட்டவில்லை, பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அண்ணன் வந்து கைகொடுத்தார். கண்ணாடியில் வானம் போய்க் குடையின் கறுப்பு வந்தது, டேக் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் படம் ஏறிவிட்டது. வெயிலில் கேஒய்வி செய்பவர்களுக்கு இதுதான் வழி: கறுப்புக் குடை, பிடிக்க உயரமான ஒரு ஆள். முன்பக்கம் தெரியாமல் வேட்டியையோ துண்டையோ போட்டு மூடினால் பிளேட் இருட்டாகிவிடும், அதையும் செய்து பார்த்தோம்.

ஏற்றியதும் திறந்துவிடாது. சரிபார்ப்பு முடியும் வரை வழியில் வந்த டோல்களில் ஒன்றேகால் மடங்குதான் கட்டினேன், ஆனால் அங்கெல்லாம் க்யூஆர் அட்டை கேட்டவுடனே நீட்டினார்கள். கடலூர், சிதம்பரம், காரைக்கால் எல்லாம் சுகமாகப் போயிற்று. ராத்திரி சித்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டேக் திறந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்தது, திரும்பும்போது பாஸ் ஒழுங்காக வேலை செய்தது.

இந்தக் கேஒய்வி தொல்லை 2026 பிப்ரவரி 1 முதல் புதிதாகக் கொடுக்கும் கார் டேக்குகளுக்குக் கிடையாது, பழைய கார் டேக்குகளுக்கும் ஏதாவது புகார் வந்தால்தான். இருந்தாலும் பழைய டேக்காரர்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் பாங்க் ஆப்பைத் திறந்து டேக் ஆக்டிவா என்று பார்த்துவிடுங்கள். ராஜ்மார்க்யாத்ராவில் பாஸ் ஆக்டிவ் என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு பிளாக்லிஸ்ட்டில் இருந்த நேரத்திலும் அது ஆக்டிவ் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னொரு கூத்து. பாஸில் 200 டிரிப் உண்டு, இந்த மாதிரி டோல்களில் ஒரு தடவை கடந்தால் ஒரு டிரிப் கழியும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்தேன், நான் யுபிஐயில் சண்டை போட்டுக் கட்டினேனே, அந்த டோலுக்கும் ஒரு டிரிப் கழிந்திருக்கிறது! டேக் திறந்ததும் பழைய ரீடிங் பின்னாலேயே ஓடி வந்திருக்க வேண்டும். 3000-ஐ 200-ஆல் வகுத்தால் ஒரு டிரிப் 15 ரூபாய், விட்டுத்தொலை என்றாள் அம்மா. ரசீது கையில் இருக்கும்போது ஏன் விட வேண்டும்? பாங்க் ஆப்பில் புகார் எழுதினால், பிடித்த தொகை எவ்வளவு என்று ஒரு கட்டம். பணம் பிடிக்கவில்லையே, டிரிப்தானே போனது என்று 0 போட்டேன், ஏற்கவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், "ஏதாவது ஒரு தொகை போடுங்க மேடம், விவரத்தைக் கீழே எழுதுங்க" என்றார்கள். 1 என்று போட்டு, நடந்ததையெல்லாம் கீழே எழுதி, ரசீதின் படத்தையும் இணைத்தேன்.

பதில் வந்தது. புகாரை ஏற்று 1 ரூபாய் வாலட்டில் வரவு வைத்து, புகாரை முடித்துவிட்டார்கள். டிரிப் வரவில்லை. இப்போது 1033-இல் ஒரு புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன், அவர்கள் தொகை எதுவும் கேட்கவில்லை.