லேபிளில் ஏறும் க்யூஆர் கோடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டிக்கரும் லேபிளும் அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறேன். மாம்பழப் பெட்டி, ஜவ்வரிசிப் பாக்கெட், கொலுசு டப்பா, கல்யாணப் பத்திரிகை என்று எந்த வேலை வந்தாலும் இப்போது ஒரு ஓரத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது. அதை உருவாக்குவது ஒரு நிமிட வேலைதான், இலவசமாகச் செய்து தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் உள்ளே எதை வைப்பது, எதன் மேல் அச்சடிப்பது, எங்கே ஒட்டுவது என்பதைப் பலரும் யோசிக்காமலே வந்துவிடுகிறார்கள். மெஷின் ஓடி முடிந்தபிறகு அதை மாற்ற வழியில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் கால் கிலோ பாக்கெட்டுக்கு லேபிள் கேட்டு வந்தார். தோட்டத்தில் நிழலுக்கு என்ன மரம் நிற்கிறது, பழத்தை எப்போது பறிக்கிறார்கள், எப்படிக் காயவைக்கிறார்கள், டிகாஷன் எப்படிப் போட வேண்டும் என்று நல்ல தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். “இது மொத்தமும் அந்தக் கோட்டுக்குள்ளயே இருக்கணும் தம்பி. எங்க பக்கம் டவர் சரியா கிடைக்காது, நெட் இல்லாமலே படிக்கிற மாதிரி வேணும்” என்றார்.

கேட்டதில் நியாயம் இருக்கிறது. கோட்டுக்குள் இணைய முகவரிதான் இருக்க வேண்டும் என்றில்லை, வெறும் எழுத்தையும் வைக்கலாம். அதைப் படிக்க நெட் வேண்டாம். சிக்கல் இடத்தில்தான் வருகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் (கணினியில் எழுத்தைச் சேமிக்கும் அளவு) போதும், தமிழுக்கு அப்படியில்லை. ‘கா’ என்று எழுதினால் ககரத்துக்கு 3, பக்கத்துக் காலுக்கு 3, ஆக 6 பைட். அண்ணன் எழுதியது 800 பைட்டைத் தாண்டியது.

க்யூஆர் கோட்டில் மிகச் சிறியது பக்கத்துக்கு 21 கட்டம். விஷயம் கூடக்கூட நான்கு நான்காக ஏறி 177 கட்டம் வரை போகும். 800 பைட்டுக்கு மேல் வைத்தால் பக்கத்துக்கு 97 கட்டம் ஆகிவிடுகிறது. லேபிளில் அவர் விட்டிருந்த இடமோ 2 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு கட்டம் 0.2 மில்லிமீட்டர். அவர் தேர்ந்தெடுத்திருந்த பழுப்புத் தாள் மையை நன்றாக உறிஞ்சும், கறுப்புக் கட்டம் பக்கத்து வெள்ளைக்குள் பரவிவிடும். போதாக்குறைக்கு, தூள் நிரப்பினால் பாக்கெட் புடைத்து லேபிளும் வளையும். எந்தப் போனும் திணறும்.

அந்தப் பத்தியை லேபிளின் பின்பக்கத்தில் வாசிக்கிற எழுத்தாகவே அச்சடித்தோம். இவ்வளவு அக்கறையாக எழுதியதைப் போன் எடுத்துத்தான் படிக்க வேண்டும் என்பது எனக்கும் சம்மதமில்லை. கோட்டுக்குள் 30 எழுத்துக்கு உட்பட்ட ஒரு முகவரி மட்டும். 29 கட்டத்தில் முடிந்தது, ஒரு கட்டம் கிட்டத்தட்ட 0.7 மில்லிமீட்டர். பிழைதிருத்தத்தையும் தாராளமாக வைக்க முடிந்தது. கோடு ஓரளவு அழிந்தாலும் மீட்டுப் படிப்பதற்கான அந்த வசதி நான்கு அளவில் கிடைக்கிறது, தோராயமாக 7, 15, 25, 30 சதவீதம். அளவு கூடினால் கட்டமும் கூடும். உள்ளே வைக்கும் விஷயம் சிறியதாக இருந்தால்தான் சின்ன இடத்தில் 25 சதவீதம் கட்டுப்படியாகும்.

நெட் இல்லாத கோடு அவருக்கு வேறு இடத்தில் உதவியது. தோட்டத்தில் விருந்தினருக்காக விட்டிருக்கும் அறைகளில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கோட்டுக்குள் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். ஸ்கேன் செய்து, இணையவா என்று போன் கேட்பதைத் தொட்டால் போதும், பாஸ்வேர்டு அடிக்காமலே இணைந்துகொள்கிறது.

லேபிளைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி ஒரு பார்டர் வேண்டும் என்றும் கேட்டார். கோட்டை ஒட்டி வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெறும் வெள்ளை இருக்க வேண்டும். கோடு எங்கே தொடங்குகிறது என்று போனுக்குத் தெரிவது அந்த வெள்ளையாலும் மூன்று மூலையில் இருக்கும் பெரிய சதுரங்களாலும்தான். அந்தச் சதுரங்களின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு க்யூஆர் கோட்டை உருவாக்கியது வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக. பார்கோடில் ஏறக்குறைய 20 எழுத்துதான் அடங்கும் என்பதால் ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஸ்கேன் செய்து ஆட்கள் அலுத்துப்போயிருந்தார்கள். மூலைக்கு ஒரு அடையாளம் வேண்டும், அது வேறு எந்த அச்சிலும் தற்செயலாக வந்துவிடக் கூடாது. அதற்காக நோட்டீஸ், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சான காகிதங்களை எல்லாம் அலசி, கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மிக அரிதாக வருகிறது என்று தேடினார்கள். கிடைத்தது 1:1:3:1:1. எந்தப் பக்கமிருந்து நடுவழியாகக் கோடிழுத்தாலும் அந்தச் சதுரத்தில் இதே விகிதம் வரும். காப்புரிமை வைத்திருந்தும் உலகம் முழுக்க இலவசமாகப் பயன்படுத்த விட்டார்கள். அதனால்தான் தள்ளுவண்டி வரை வந்திருக்கிறது.

தள்ளுவண்டி என்றதும் எங்கள் தெருமுனையில் தட்டுவடை செட் போடுகிற அக்காவைச் சொல்ல வேண்டும். “பகல்ல எடுக்குது தம்பி, சாயங்காலம் கூட்டம் வர்ற நேரத்துல ஸ்கேனர் எடுக்கவே மாட்டேங்குது” என்று வந்தார். இரவில் போய்ப் பார்த்தேன். சட்னித் தூக்குக்குப் பக்கத்தில் பணம் வாங்கும் க்யூஆர் அட்டை நிற்கிறது, தலைக்கு மேல் எல்இடி பல்ப். பளபளப்பு லேமினேஷனில் அந்த வெளிச்சம் அப்படியே கோட்டின் மேல் விழுந்து மினுங்குகிறது. அட்டை நடுவில் புதினா சட்னி காய்ந்திருந்தது. அதைப் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். ஆனால் மேல் மூலைச் சதுரம் ஒன்றிலும் காரச் சட்னி படிந்திருந்தது. மூலை மறைந்தால் பிழைதிருத்தம் உதவாது. மேட் லேமினேஷனில் புதிதாக அச்சடித்து, சட்னிக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்வாக நிறுத்தினோம். இப்போது போனைக் காட்டியதும் எடுக்கிறது.

இன்னொன்று மனதை உறுத்துவது. கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், ஏதோ ஒரு தளத்தில் இலவசம் என்று எடுத்த கோட்டை டப்பா மூடியில் அச்சடித்துவிட்டார். அதற்குள் இருந்தது அவருடைய முகவரி இல்லை, அந்தத் தளத்தின் முகவரி. அங்கே போய், அங்கிருந்து இவர் பக்கத்துக்குத் திரும்பும். சில மாதம் கழித்துச் சந்தா கட்டச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். அடுக்கடுக்காகக் கிடந்த டப்பாக்கள் மேல் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதாயிற்று. இப்படித் திருப்பிவிடும் கோட்டில் லாபமும் உண்டு, அச்சடித்தபிறகும் போகுமிடத்தை மாற்றலாம். ஆனால் அது உங்கள் சொந்தத் தளத்தின் முகவரியாக இருக்கட்டும். எடுத்த கோட்டை ஒருதரம் ஸ்கேன் செய்து, திறப்பதற்கு முன் போன் காட்டும் முகவரியைப் படித்தாலே யாருடையது என்று தெரிந்துவிடும்.

பணம் வாங்கும் அட்டைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பேங்க் கணக்கில் பெயர் எப்படி இருக்கிறது? அந்தப் பெயரைக் கோட்டின் கீழே பெரிய எழுத்தில் போட்டுத் தருகிறேன். யாராவது ராத்திரியில் தங்கள் கோட்டை மேலே ஒட்டிவிட்டுப் போனாலும், பணம் அனுப்புகிறவர் போனில் வருகிற பெயரையும் அட்டையில் இருக்கிற பெயரையும் ஒத்துப் பார்க்கலாம். காலையில் கடை திறந்ததும் உங்கள் அட்டையை நீங்களே ஒருதரம் ஸ்கேன் செய்து பாருங்கள். பணம் வாங்குவதற்கு உங்கள் ரகசிய பின் (PIN) நம்பர் தேவையே இல்லை, போனில் யார் கேட்டாலும் போடாதீர்கள். அக்கா அட்டையில் இதையும் சின்னதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதற்குத் தனிக் காசு கிடையாது, உங்களுக்கும் வேண்டுமானால் ஆர்டர் கொடுக்கும்போது சொல்லுங்கள்.