கரையதுக்கு முன்னால

மகள் பிறந்து இன்றோடு 41 நாள். பூதப்பாண்டியில் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

முதல் வாரம் அவள் அழுதால்தான் பால் கொடுப்பேன். முகம் சிவக்க அழுதபிறகு மார்பில் வைத்தால் பற்றமாட்டாள், தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவாள். பார்க்க வந்தவர்கள் "பால் பத்தல போல" என்றார்கள். நம்பிவிட்டேன். ராத்திரி அவளோடு சேர்ந்து நானும் அழுதேன்.

ஆச்சிதான் ஒருநாள் தொட்டில் பக்கத்தில் என்னை உட்காரவைத்தாள். "கரையதுக்கு முன்னாலயே பிள்ளை கேட்டாச்சு மக்ளே. நீதான் பாக்கல." எங்கள் பக்கம் அழுவதைக் கரைவது என்போம்.

பார்த்தேன். முதலில் மூடிய இமைக்குள் கண் உருண்டது. கால் அசைந்தது. வாய் திறந்து நாக்கு எட்டிப் பார்த்தது. கன்னத்தில் துணி பட்டதும் அந்தப் பக்கமே வாயைத் திறந்துகொண்டு திரும்பினாள். அப்புறம் கை வாய்க்குப் போனது. இத்தனையும் சொன்னபிறகுதான் அழுகை! இப்போது வாய் தேடும்போதே தூக்கிவிடுகிறேன். குடிக்கத் தொடங்கும்போது இறுகியிருக்கும் கைமுட்டி, வயிறு நிறைய நிறைய விரல் விரலாக விரியும். கடைசியில் கை வாடின கீரைத்தண்டு மாதிரி என்மேல் கிடக்கும். ஒரு நாளில் 8 முதல் 12 தடவை கேட்பது இயல்பு. பிறந்து 5 நாள் தாண்டியபின் நாளுக்கு 6 தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போய், எடையும் ஏறினால் பால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சிஸ்டர் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், போதுமாகவே இருந்தது.

இன்னொன்று புரிய நாளானது. 28ஆம் நாள் வீடு நிறைய ஆள். ஆளாளுக்குத் தூக்கி, விரல் சொடுக்கிக் கூப்பிட்டார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொட்டாவி, விக்கல், விரல்கள் விறைத்து விரிந்தன, முதுகை வில்லாக வளைத்தாள். போதும் என்கிறாள் என்று எனக்குப் பட்டது. கோபித்தாலும் பரவாயில்லை என்று மாமியிடமிருந்து வாங்கி உள்ளறைக்குப் போய் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

சாயங்கால அழுகை மட்டும் இன்னும் பிடிபடவில்லை. தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடக்கிறேன்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு நல்ல மழை. தொட்டிலில் துணி அசைந்தது, எழுந்து எடுத்துவிட்டேன்.

காலையில் ஆச்சி கேட்டாள்: "ராத்திரி பிள்ளை எழும்பவே இல்லியா மக்ளே?"