நீலத் தாள் வராத நாலு பேரல்

ஜூன் 28 இரவு ஒன்பதரைக்குத்தான் எங்கள் பட்டறையின் ஆண்டறிக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் ஏறியது. அபாயகரக் கழிவுக்கான படிவம் 4. கடைசி நாள் ஜூன் 30. ஒப்புகையைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் குத்திய பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை, பதினாறு நாள் இழுத்தது. நம்ம ஊரில் இதே மாதிரி பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது அடுத்த வருடம் என்னைப் போல அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சேலம் சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரம் லாரி சர்வீஸ் பட்டறை எங்களுடையது. வேலையை வீட்டுக்காரர் பார்க்கிறார், கணக்கு என் பொறுப்பு. கழிவைக் கையாள வாரியம் தந்த ஐந்து வருட அங்கீகாரம் கையில் இருக்கிறது. பழைய பேட்டரி, புது பேட்டரி வாங்கும் கடைக்கே போய்விடும். ஆயில் துடைத்த பனியன் வேஸ்டைத் தனி டிரம்மில் போட்டு, விதிப் பட்டியலில் அதற்குள்ள எண்ணான 33.2 என்று எழுதிவிடுவோம். இதிலெல்லாம் தொந்தரவு இல்லை. தொந்தரவு முழுக்க 5.1-இல், அதாவது இன்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலில்.

பிப்ரவரியில் நாலு பேரல் நிறைந்திருந்தது. ஆயில் எடுக்க வந்த வண்டிக்காரர் மோட்டாரை எங்கள் பிளக்கில் சொருகி, அரை மணி நேரத்தில் உறிஞ்சி எடுத்துவிட்டார். பணத்துக்கு ஒரு துண்டு பில் எழுதிக் கொடுத்தார். "மேனிஃபெஸ்ட் எங்கேங்க?" என்று கேட்டேன். "அக்கா, அதெல்லாம் ஆபீசுல போட்டு அனுப்பிடுவாங்க" என்றார். வெளியே இரண்டு லாரி காத்துக்கொண்டிருந்த அவசரத்தில் நானும் சரி என்று விட்டுவிட்டேன். பதினாறு நாள் அலைச்சலுக்கும் அந்த ஒரு 'சரி'தான் காரணம்.

மேனிஃபெஸ்ட் என்பது படிவம் 10, கழிவோடு கூடவே போகும் சீட்டு. மொத்தம் ஏழு பிரதி, ஒவ்வொன்றும் ஒரு நிறம். வண்டி கிளம்பும் முன்பே நாம் ஏழிலும் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நாம் அனுப்புவது. மஞ்சள், வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கி நாம் வைத்துக்கொள்வது. மீதி ஐந்தும் வண்டியோடு போகும். சரக்கை வாங்கிய சுத்திகரிப்பு ஆலை, அதில் நீலத் தாளை நமக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நம் ஆயில் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது என்பதற்கு நம்மிடம் இருக்கும் சாட்சி அந்த நீலத் தாள். பிப்ரவரி லோடுக்கு என்னிடம் நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை.

ஜூன் 12 அன்று வண்டிக்காரர் எண்ணுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். பில்லில் இருந்த ஆலையைத் தேடி ஈரோடு பக்கம் பஸ் ஏறினேன். கேட்டில் இருந்தவர், "கணக்கர் திங்கட்கிழமைதான் வருவாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வெயிலில் போய் வந்ததில் ஒரு நாள் முழுதும் வீண்.

இரண்டாவது முறை போனபோது கணக்கர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். எங்கள் பெயரே அதில் இல்லை. அதே தேதியில் வேறொரு பட்டறையின் பெயரில் மட்டும் பெரிய லோடு ஒன்று ஏறியிருந்தது. வண்டிக்காரர் மூன்று பட்டறை ஆயிலையும் ஒன்றாகக் கலந்து ஒரே தாளில் கொண்டு போயிருக்கிறார். "உங்க ஆயில் இதுல எவ்வளவுன்னு நாங்க எப்படிம்மா சொல்றது?" என்று கணக்கர் கைவிரித்தார்.

அப்போதுதான் பையில் இருந்த எடைச்சீட்டு ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் வண்டி வந்தபோதும் கிளம்பும்போதும் எங்கள் மேஸ்திரி பிடிவாதமாக அதை எடைமேடைக்கு அனுப்பியிருந்தார். காலி வண்டியாக ஒரு எடை, ஆயிலோடு ஒரு எடை. சரியாக 720 கிலோ. வண்டி எண், தேதி, நேரம் மூன்றும் அச்சாகியிருந்தது. மை மங்கிப்போய், ஓரத்தில் கிரீஸ் கறை. கணக்கர் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தார், வண்டி எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். அவரும் தன்மையான மனிதர்தான். கொண்டுவந்தவர் தவறு என்று ஒப்புக்கொண்டு, எங்கள் பெயரில் திருத்தி, விளக்கக் கடிதத்தோடு தருவதாகச் சொன்னார். 26-ஆம் தேதி தபாலில் நீலத் தாள் வந்தது. மேஸ்திரிக்கு அன்று பிரியாணி.

இன்னொன்று முக்கியம். படிவம் கேட்பது டன், நம் நோட்டில் இருப்பது லிட்டர். போன வருடம் அதைக் கவனிக்காமல் லிட்டர் எண்ணிக்கையை அப்படியே டன் கட்டத்தில் அடித்து, விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. ஆயில் தண்ணீரைவிட லேசு. லிட்டருக்கு ஏறக்குறைய 880 கிராம்தான் இருக்கும். 820 லிட்டர் என்றால் 0.72 டன். முடிந்தால் எடை போட்டே எழுதுங்கள். தொடக்க இருப்போடு வருடத்தில் சேர்ந்ததைக் கூட்டி, அனுப்பியதைக் கழித்தால், மார்ச் 31 அன்று ஷெட்டில் இருந்த இருப்பு வர வேண்டும். அது இடித்தால் படிவம் நிற்காது. கழிவின் வரவு செலவைக் குறிக்கும் படிவம் 3 பதிவேட்டை அன்றன்று எழுதுவது இதற்காகத்தான். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதினால் நிச்சயம் இடிக்கும்.

ஆயிலை எடுக்க வருபவரிடம் முதலில் பதிவு எண் கேளுங்கள். 2024 ஏப்ரல் முதல் பழைய ஆயில் சேகரிப்பவர்களும் சுத்திகரிப்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் ஷெட்டில் வைக்கக் கூடாது என்பதும் விதி. சின்னப் பட்டறைகளுக்கு வாரியம் நீட்டித்துத் தரலாம். ஆனால் அதை நாமாக எடுத்துக்கொள்ள முடியாது, எழுதிக் கேட்க வேண்டும்.

"இவ்வளவு ஏன் மெனக்கெடணும், சென்ட்ரிங் போடுறவங்க பலகையில தடவ லிட்டர் கணக்குல வாங்கிக்கிறாங்களே" என்று பக்கத்துப் பட்டறை அண்ணன் கேட்டார். மாமனார் காலத்தில் நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம், மிச்சத்தைப் பின்பக்க மண்ணில் ஊற்றினோம். மழை பெய்தால் சாக்கடை மேலே வானவில் மாதிரி படலம் மிதந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். அது திருமணிமுத்தாற்றில்தான் போய்ச் சேரும். சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறு அது. அந்தப் பாவம் இனி எங்கள் பட்டறைக்கு வேண்டாம்.

போன வாரம் ஆயில் எடுக்க வேறொரு வண்டி வந்தது. பதிவு எண் சரியாக இருந்தது. தாள் கேட்டால், அதே பதில்: பின்னாடி வரும். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி போய் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். ஓட்டுநர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஏழு நிறத் தாள் கட்டை எடுத்து வந்தார்.