மில்வாக்கியில் ஒரு சின்ன ப்ரூவரி: இடம் தேடி, தரை வெட்டி, உரிமம் வாங்கிய கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மில்வாக்கியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு ப்ரூவரி ஆரம்பித்திருக்கிறோம். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பீர் காய்ச்சுவது கஷ்டமா?" என்பதுதான். அது கஷ்டமே இல்லை. எங்களில் ஒருவர் பீர் ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவர், இன்னொருவர் வீட்டு கராஜில் காய்ச்சியே கை பழகியவர். (1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்கு அப்புறம் அமெரிக்காவில் சொந்தக் குடிப்புக்கு வீட்டிலேயே காய்ச்சலாம், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 200 காலன் வரை.) நான் கம்ப்யூட்டர் வேலைக்காரன். என் தலையில் விழுந்தது இடம் பிடிப்பது, படிவம் நிரப்புவது, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது. கஷ்டம் முழுக்க அங்கேதான் இருந்தது, அதனால் அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் ஏரிக்கரை ஊர், ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய ஊர். குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளில் பனிக்கட்டியை வெட்டிச் சேமித்து, கோடையிலும் பீரைக் குளிர வைத்தார்கள். 1871இல் சிகாகோ தீப்பிடித்து எரிந்தபோது அங்கிருந்த ஆலைகளும் போய்விட, பக்கத்து ஊரான மில்வாக்கியிலிருந்து பீர் போனது, அதிலிருந்து வியாபாரம் எங்கேயோ போய்விட்டது. பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், ப்ளாட்ஸ், மில்லர் என்று நான்கு பெரிய பெயர்கள். இதில் மில்லர் மட்டும்தான் இன்றைக்கும் ஊரிலேயே பெரிய அளவில் காய்ச்சுகிறது. ஷ்லிட்ஸ் ஆலை 1981இல் மூடப்பட்டது, பாப்ஸ்ட் 1996இல்.

நாங்கள் இடம் தேட ஆரம்பித்தபோது மூன்று பேர் மனதிலும் இருந்தது பாப்ஸ்ட் வளாகம்தான். ஊர் மையத்துக்கு மேற்கே மேட்டில், ஏறக்குறைய 20 ஏக்கர், இந்த ஊருக்கே உரிய வெளிர் மஞ்சள் செங்கல்லில் கோட்டை மாதிரி கட்டடங்கள். பழைய ப்ரூவரியில் புது ப்ரூவரி, விளம்பரமே தேவையில்லை என்று கணக்குப் போட்டோம்.

அந்த வளாகம் ஆலை மூடிய பிறகு பத்து வருடம் போலச் சும்மா கிடந்தது. நடுவில் "பாப்ஸ்ட் சிட்டி" என்று ஒரு கேளிக்கை வளாகத் திட்டம் வந்தது. அதற்கு நகராட்சி 4.1 கோடி டாலர் தர வேண்டும் என்று கேட்டார்கள், 2005இல் நகரமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடமே ஜோசப் ஸில்பர் என்ற உள்ளூர் ரியல் எஸ்டேட்காரர், வயதான காலத்தில், மொத்த வளாகத்தையும் வாங்கினார். ஒரே பெரிய திட்டமாகப் போடாமல் கட்டடம் கட்டடமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் விட்டதுதான் அவர் செய்த புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. இன்றைக்குப் போனால் குடியிருப்பு, ஆபீஸ், பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. பழைய காய்ச்சும் கட்டடம் 2013இல் ஹோட்டலாகத் திறந்தது, பெரிய செம்புக் கொப்பரைகளை அப்படியே உள்ளே விட்டு வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், மூச்சடைக்கும்.

சரி, எங்கள் கதை. அந்தப் பக்கத்தில் ஒரு கட்டடத்தைக் காட்ட ஏஜென்ட் கூட்டிப்போனார். எங்கள் காய்ச்சுகிற நண்பர் உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "இது வேண்டாம்" என்றார். அந்தக் காலத்து ஆலைகள் மாடி மாடியாகக் கட்டியவை. மால்ட்டை, அதாவது முளைவிட வைத்துக் காயவைத்த பார்லியை, உச்சிக்கு ஏற்றிவிட்டால் அரைப்பது, ஊறவைப்பது, கொதிக்கவைப்பது என்று ஒவ்வொரு தளமாகத் தானே கீழே இறங்கி வரும், பம்ப் அவ்வளவாகத் தேவைப்படாது. லட்சக்கணக்கான பீப்பாய்க்கு அது அருமையான ஏற்பாடு. வருடத்துக்குச் சில நூறு பீப்பாய் காய்ச்சப்போகிற எங்களுக்கு வேண்டியதோ ஒரே தளம், உயரமான கூரை, லாரி வந்து நிற்க ஒரு ஷட்டர் கதவு, தண்ணீர் வழிந்தோடும் தரை. யானை கட்டிய கொட்டிலில் ஆட்டுக்குட்டியைக் கட்டுவது போல.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்படிப்பட்ட பாரம்பரியக் கட்டடத்தைப் புதுப்பித்தால் செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரிக்கழிவாகத் தருகிறது, விஸ்கான்சின் மாநிலமும் தனியாகத் தருகிறது. அந்தக் கழிவு இல்லாமல் இந்த மாதிரித் திட்டங்கள் தேறவே தேறாது. பதிலுக்கு ஜன்னலை மாற்றாதே, சுவரை உடைக்காதே, முகப்பைத் தொடாதே என்று நிபந்தனைகள் வரும். ஹோட்டல்காரருக்கு அது பிரச்சினை இல்லை, பழைய ஜன்னலுக்காகவே அவருக்கு ஆள் வரும். டேங்கை உள்ளே இறக்கச் சுவரில் வழி கேட்கிறவனுக்குத்தான் பிரச்சினை.

அப்புறம்தான் ஊரில் மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கவனித்தேன். லேக்ஃபிரண்ட் ப்ரூவரி, 1987இல் இரண்டு சகோதரர்கள் ஆரம்பித்தது, இப்போது இருப்பது நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்த பழைய மின்நிலையத்தில். சிட்டி லைட்ஸ் இருப்பது பழைய காஸ் கம்பெனிக் கட்டடத்தில். தேர்ட் ஸ்பேஸ் 2016இல் திறந்தது மெனாமனி பள்ளத்தாக்கில், தகரச் சாமான் செய்த பழைய தொழிற்சாலையில். பாப்ஸ்ட் வளாகத்துக்குள்ளேயே பீர் திரும்பி வந்ததும் காய்ச்சிய கட்டடத்துக்கு இல்லை. பாப்ஸ்ட் பெயரிலேயே 2017இல் திறந்த சின்ன ப்ரூவரி ஒரு பழைய தேவாலயத்தில் நடந்து, 2020இல் மூடியது. மில்வாக்கி ப்ரூயிங் கம்பெனி 2018இல் வந்தது பழைய ஆலை சரக்கு ஏற்றி அனுப்பிய கிடங்குக்கு. ஆக, பழைய ப்ரூவரிகளில் ஹோட்டலும் ஆபீஸும், பழைய தொழிற்சாலைகளில் ப்ரூவரி. இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு குளிர்காலம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் ஊரின் தெற்குப் பக்கம் ஒரு பழைய லேத் பட்டறை கிடைத்தது. வாடகை தாங்கும், கூரை உயரம், ஷட்டர் உண்டு. ஆனால் பழைய பட்டறை என்றால் மண்ணுக்குள் எண்ணெய் இருக்கும், சில இடங்களில் பெட்ரோல் டேங்கையே புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கடன் தருகிற வங்கி மண்ணின் வரலாற்றைக் கேட்டது. அந்த இடத்தில் நூறு வருடமாக என்னென்ன நடந்தது என்று பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்து அறிக்கை தருவதற்கென்றே இங்கே கம்பெனிகள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் துளை போட்டு மண் எடுப்பார்கள். எங்களுக்கும் எடுத்தார்கள். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்தது தரை. ப்ரூவரி என்றால் முக்கால்வாசி வேலை கழுவுவதுதான், எங்கே பார்த்தாலும் தண்ணீர் நிற்கும். கான்கிரீட்டை நீளமாக வெட்டி, வடிகால் போட்டு, எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் அதற்கு ஓடும்படி சரிவு கொடுத்து மறுபடி ஊற்ற வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் ஊற்றிவிட்டு, "கச்சிதமாக இருக்கிறது" என்று பில்லைக் கொடுத்தார். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினோம், அது வடிகாலை விட்டு விலகி கழிப்பறைப் பக்கம் போனது. பாதியை உடைத்து மறுபடி போட்டார், காசு யார் தருவது என்று இழுபறி, அதற்குள் டிசம்பர் வந்துவிட்டது. இங்கே டிசம்பரில் கான்கிரீட்டை இறுக வைப்பதற்குக் கட்டடத்துக்கே ஹீட்டர் போட வேண்டும், அந்த காஸ் பில்லும் நம்முடையது.

வடிகாலுக்குள் போகிற தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்த கழிவு சாதாரண வீட்டுக் கழிவைவிடப் பல மடங்கு அடர்த்தியானது, சுத்திகரிக்கச் செலவு அதிகம். அதனால் டேங்க் அடியில் தங்கும் ஈஸ்ட்டைத் தனியாகப் பிடித்து வெளியே அனுப்புகிறோம், மால்ட் சக்கையை ஒரு பால் பண்ணைக்காரர் மாட்டுக்கு எடுத்துப்போகிறார். இந்த ஊர்க் கழிவுநீர் வாரியம் 1926 முதல், சுத்திகரிப்பில் வேலை செய்யும் நுண்ணுயிரிகளைக் காய வைத்து "மில்லார்கனைட்" என்ற பெயரில் புல்தரை உரமாக விற்கிறது. எங்கள் பட்டறையில் கழுவிவிட்டதில் கொஞ்சம் எங்கோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லாக முளைத்திருக்கக்கூடும்.

உரிமம் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். மத்திய அரசு, மாநிலம், நகரம் என்று மூன்று படி. மத்திய உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இடம் கையில் இருக்க வேண்டும்: வாடகை ஒப்பந்தம், தரைப்படம், எந்தச் சாதனம் எங்கே நிற்கும் என்பது உட்பட. அதாவது ஒரு சொட்டு விற்கும் முன்பே வாடகை ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு பங்குதாரரும் காட்ட வேண்டும். என் பங்கில் ஒரு பகுதி ஊரில் மனை விற்று வந்த பணம். கிரயப் பத்திரம் தமிழில், அதை ஆங்கிலத்தில் எழுதி, பணம் இங்கே வந்த வங்கி ரசீதுகளோடு கோத்து அனுப்பினேன். ஊரிலிருந்து பணம் கொண்டுவருகிறவர்கள் இந்தக் கட்டை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நண்பரும் பங்கு போட ஆசைப்பட்டார். அவருக்கு ஒரு இந்திய உணவகத்தில் பங்கு இருக்கிறது, அங்கே பீர் விற்கிறார்கள். மதுவிலக்கு 1933இல் முடிந்த பிறகு இங்கே காய்ச்சுகிறவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் மூவரும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பிரித்துவிட்டார்கள். எங்கள் வக்கீல் அவர் பெயரைக் கேட்டவுடனே பேனாவை மூடி வைத்துவிட்டார். நண்பருக்கு வருத்தம்தான். இப்போது வாடிக்கையாளராக வருகிறார்.

வரி பயப்படுகிற அளவுக்கு இல்லை. சின்ன ப்ரூவரிக்கு முதல் 60,000 பீப்பாய் வரை பீப்பாய்க்கு மூன்றரை டாலர் மத்திய வரி. ஒரு பீப்பாய் என்பது 31 காலன், ஏறக்குறைய 117 லிட்டர். பீரில் என்ன போடுகிறோம் என்பதற்கும் விதி உண்டு. காபி, இஞ்சி, கொத்தமல்லி விதை, இலவங்கப்பட்டை மாதிரி வழக்கமானவற்றுக்குத் தனி ஒப்புதல் தேவையில்லை. வழக்கத்தில் இல்லாத பொருள் என்றால் செய்முறையை எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். லேக்ஃபிரண்ட்காரர்கள் 2006இல் பார்லியே இல்லாமல், சோளமும் அரிசியும் போட்டு ஒரு பீரைக் கொண்டுவந்தது பெரிய விஷயம், பார்லி மால்ட் இல்லாத பீருக்கு மத்திய அரசின் லேபிள் ஒப்புதல் கிடைத்தது அதுதான் முதல் முறை என்கிறார்கள். எனக்கு ஒருநாள் கம்பு போட்டுக் காய்ச்ச ஆசை. காய்ச்சுகிற நண்பர் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

தெருக்காரர்களோடு நடந்த கூட்டத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்க்கிங், சத்தம், மால்ட் ஊறும் வாசனை, இவற்றுக்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, ஷ்லிட்ஸ் மூடும்வரை அங்கே பாட்டில் பிரிவில் இருந்ததாகச் சொன்னார். "எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேர், டாப்ரூமில் (எங்கள் பீரை அங்கேயே ஊற்றி விற்கும் கூடம்) ஊற்றித் தர நாலைந்து பேர், அதுவும் பகுதிநேரம் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, சரி என்று உட்கார்ந்துவிட்டார். கிராஃப்ட் பீர், அதாவது எங்களைப் போன்ற சின்ன ப்ரூவரிகளின் பீர், வந்து ஊரைத் தூக்கி நிறுத்திவிடும் என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது. நாங்கள் வந்ததால் பூட்டிக் கிடந்த ஒரு பட்டறையில் விளக்கு எரிகிறது, சாயங்காலம் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, எதிரே டாக்கோ வண்டிக்காரருக்கு வியாபாரம் ஆகிறது. பாட்டில் பிரிவில் சம்பளம் வாங்கி வீடு கட்டிய காலம் இதனால் திரும்பி வராது. பழைய ஆலைகளை மாற்றிக் கட்டும் திட்டங்களில் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள்.

திறந்துவிட்டோம், ஓடுகிறது. கெக் என்ற உலோகப் பீப்பாயில் கடைகளுக்குக் கொடுப்பதைவிட எங்கள் டாப்ரூமிலேயே கிளாஸில் ஊற்றி விற்பதில்தான் காசு நிற்கிறது, அதனால் வெள்ளி, சனி இரண்டு நாளை நம்பித்தான் வாரம். 2024இல் நாடு முழுக்கப் புதிதாகத் திறந்த ப்ரூவரிகளைவிட மூடியவை அதிகம். அதில் எங்களுக்கு ஒரு லாபமும் உண்டு: மூடிய ஓர் இடத்திலிருந்துதான் எங்கள் டேங்குகளைப் பாதி விலைக்கு வாங்கினோம். வாங்கும்போது விற்றவரின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

யாராவது இறங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், உரிமம் வரும்வரை பாதி வாடகை என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், எங்களுடையவர் கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். இரண்டாவது, தரை போடுகிறவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.