பாட்டி கையும் 13 புள்ளியும்

10 ஜனவரி 2025, வெள்ளி இரவு

வைகுண்ட ஏகாதசி. விடியற்காலையில் சொர்க்கவாசல் திறந்ததிலிருந்து ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமில்லை. ஊர் உலகமே உள்ளே வரும் நாளில் நாங்கள் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் ஸ்டேஷனுக்கு நடந்தோம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். பொங்கலுக்கு எல்லோரும் சென்னையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அங்கே போவதால் டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. திரும்பி வருவதற்குத்தான் நவம்பரிலேயே போட்டு வைக்க வேண்டியிருந்தது.

புத்தகக் காட்சி இவருக்கு, தி.நகரில் புடவை அத்தைக்கு, பாட்டி கையில் இருந்த கோலத்தைப் பச்சை குத்திக்கொள்வது எனக்கு. இவரையும் ஒன்று குத்திக்கொள்ளச் சொல்லி ஒரு மாதமாக நச்சரிக்கிறேன். பிடிகொடுக்கவில்லை.

11 ஜனவரி, சனி

திருவல்லிக்கேணியில் சித்தி வீடு. இன்று கூடாரவல்லி என்று எதிர்வீட்டு மாமி ஒரு தூக்கில் அக்காரவடிசில் கொடுத்தனுப்பினார். முழங்கை வரை நெய் வழியணுமாம். வழிந்தது.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் 48-ஆவது புத்தகக் காட்சி, நாளையோடு முடிகிறது. அதனால் நல்ல கூட்டம். பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் இவர் கணக்கே தனி: பத்துப் புத்தகம் வாங்கினால் ஒன்று இலவசம் மாதிரி என்று பதினொன்று வாங்கினார். அதில் ஆறு என் தோளில். மிளகாய் பஜ்ஜி தின்றேன். வேறென்ன எழுத!

ராத்திரி சித்தியிடம் பாட்டியின் கை போட்டோவைக் காட்டினேன். சாவதற்கு முந்தைய வருஷம் எடுத்தது. சுருக்கத்தில் பச்சைக் கோலம் கலங்கிப்போய், ஆற்றுமணலில் போட்ட கோலம் மாதிரி இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 12 புள்ளி. “12-ல வராதுடி அது. காலைல போட்டுக் காட்டறேன். போட்டோவை மூடி வை” என்றாள்.

12 ஜனவரி, ஞாயிறு

ஐந்தரைக்கு எழுப்பிவிட்டாள். வாசலில் தண்ணி தெளித்து 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்தாள். 13! மணிக்கட்டுப் பக்கத்துக் கடைசிப் புள்ளி மடிப்புக்குள் போயிருக்கிறது. அப்புறம் கையெடுக்காமல் ஒரே இழை, ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேர்ந்தது. பாட்டிக்குப் பத்து வயசில் லால்குடிப் பக்கத்தில் பச்சை குத்த வந்த அம்மா விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்தினாளாம். கூலி ஒரு மரக்கால் நெல்.

தி.நகர் ரங்கநாதன் தெருவைப் பற்றி எழுத மாட்டேன். அத்தைக்குப் புடவை கிடைத்தது, எனக்குச் செருப்பு அறுந்தது.

மூன்று மணிக்கு டாட்டூ கடை. சித்தி கோலத்தைப் போனில் பார்த்து அந்தப் பையன் ஊதா மையில் ஸ்டென்சில் எடுத்து முன்கையில் ஒட்டினான். இடது மூலையில் மயிரிழை அளவு இடைவெளி. “இழை இங்க அறுந்திருக்கு தம்பி.” ஊசி போகும்போது சேர்ந்துடும் என்றான். நான் விடவில்லை. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். புள்ளியைத்தான் முதலில் குத்தணும் என்றதும் சிரித்தான், ஆனால் கேட்டான்.

பச்சை மை போடலாமா என்றான். கருப்பே போதும். பாட்டி கையிலும் குத்தினபோது கருப்புதான், பச்சையானது வருஷம் போகப் போகத்தான்.

பிரிக்காத உறையிலிருந்து என் கண்முன்னாலேயே ஊசியை எடுத்து மாட்டினான். சதையில் எறும்பு கடிதான். மணிக்கட்டு எலும்புக்கு மேல் அந்தப் பதின்மூன்றாவது புள்ளி வந்தபோது இவர் கட்டை விரலை ஒடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டேன். “அண்ணனுக்கும் ஒண்ணு போட்டுடலாமா?” என்று பையன் கேட்க, இவர் அவசரமாக, “நான் ஓ நெகட்டிவ். குத்தினா ஒரு வருஷம் ரத்தம் கொடுக்க முடியாது” என்றார். ராத்திரி ரெண்டு மணிக்குக்கூடப் போன் வந்து ஓடுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதம் நச்சரித்திருப்பேனா?

எழும்பூரில் ரயில் ஏற முடியாத கூட்டம். கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே ஏறினேன்.

13 ஜனவரி, போகி

தெருவெல்லாம் புகை. பாலித்தீன் உறைக்குள் மை கசிந்து அசிங்கமாக இருந்தது. சோப்புத் தண்ணியில் கழுவி, ஒற்றி எடுத்து, லேசாக மருந்து தடவினேன். அரிக்க ஆரம்பித்தால் சொறியக் கூடாதாம்.

சித்தி வீடியோவில் கூப்பிட்டாள். ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, “நடுப்புள்ளி கொஞ்சம் பெருசு” என்றாள்.

அத்தை புடவையைப் பிரித்துக்கொண்டே, கையைத் திருப்பிப் பார்த்து, எவ்வளவு என்று கேட்டார். 3,000 கொடுத்ததை 1,500 என்றேன். “இதுக்கா?” என்றார்.