ரிமாண்டில் இருக்கும் தம்பி, பட்டியலில் இருக்கும் பெயர்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் எஸ்ஐஆர் (சிறப்பு தீவிர திருத்தம்) படிவம் ஏற்காட்டுக்கு வந்தபோது என் தம்பி சேலம் மத்திய சிறையில் ரிமாண்டில் இருந்தான். அடிதடி வழக்கு. ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது, ஆனால் சொந்தப் பெயரில் சொத்து உள்ள இரண்டு ஜாமீன்தாரர்கள் எங்களுக்கு அமையவில்லை. உள்ளேயே இருந்தான்.

நாகலூர் பக்கம் அது காபிப் பழம் பறிக்கிற நேரம். பகலில் எந்த வீட்டிலும் ஆள் இருக்காது என்பதால் பிஎல்ஓ அம்மா (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) படிவங்களோடு சாயங்காலம்தான் வந்தார். ஆளுக்கு இரண்டு பிரதி. தம்பியின் படிவத்தில் மீசை முளைக்காத வயதில் எடுத்த அவன் போட்டோவும் அடையாள அட்டை எண்ணும் அச்சாகியிருந்தன. கூட நின்ற ஒருவர், "ஜெயில்ல இருக்கறவனுக்கு ஓட்டே கிடையாதே, பேரை எடுத்துடுங்க" என்றார். பிஎல்ஓ அம்மாவுக்கும் குழப்பம்தான். இறந்தவர், குடிபெயர்ந்தவர், வீட்டில் இல்லாதவர், இரட்டைப் பதிவு என்றெல்லாம் குறிக்க வழி இருக்கிறது. சிறையில் இருப்பவரை எதில் சேர்ப்பது? 'படிவம் என்னிடமே இருக்கட்டும், கேட்டுச் சொல்கிறேன்' என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

தம்பி வழக்கைப் பார்க்கும் இலவச சட்ட உதவி வக்கீலுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன், இன்னொரு குடும்பத்துக்கு உதவும்.

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62(5) பிரிவுப்படி சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. தண்டனை பெற்றவரா, விசாரணைக் கைதியா என்ற வேறுபாடே கிடையாது. ஆனால் ஓட்டுப் போட முடியாத காரணத்தால் ஒருவர் வாக்காளர் இல்லை என்று ஆகிவிட மாட்டார் என 2013 திருத்தம் சொல்கிறது. சிறையில் அடைத்துவிட்டதால் சிறை அவருடைய வசிப்பிடமாகவும் ஆகிவிடாது. ஆகவே தம்பி இன்னமும் ஏற்காடு தொகுதி வாக்காளன்தான்.

அந்த 2013 திருத்தம் எங்களைப் போன்றவர்களுக்காக வந்தது இல்லை. ஓட்டுப் போட முடியாதவர் தேர்தலில் நிற்கவும் முடியாது என்று அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறையில் இருக்கும் வேட்பாளர்கள் போட்டியிட வேண்டுமே, சில மாதங்களிலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் காஷ்மீர் அரசியல்வாதி இன்ஜினியர் ரஷீத், விசாரணைக் கைதியாக டெல்லி திகார் சிறையில் இருந்தபடியே பாரமுல்லாவில் ஜெயித்தார். விசாரணைக் கைதி எம்.பி. ஆகலாம், ஒரு ஓட்டுப் போடக் கூடாது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, படிவத்துக்கு வருகிறேன். ஊரில் இல்லாதவருக்காக வீட்டில் உள்ள பெரியவர் யாராவது உறவுமுறையை எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதற்கு ஆவணம் எதுவும் கேட்கவில்லை. சிரமம் கொடுத்தது இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியல்தான். அதில் அப்பாவின் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று தேடிப் படிவத்தில் எழுதவேண்டும். எங்கள் லைன் வீட்டில் சிக்னல் நிற்காது. காபிக் களத்தின் மேட்டில் நின்று போனில் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். அப்பாவின் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது, தாத்தா பெயரை வைத்துத்தான் உறுதி செய்துகொண்டேன். 'சகோதரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது பிரதியில் பிஎல்ஓ அம்மாவின் கையெழுத்தையும் கேட்டு வாங்கினேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள், கையில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான்.

அடுத்த முறை மனு போட்டு அவனைச் சிறையில் பார்க்க அஸ்தம்பட்டியில் இறங்கிப் போனபோது தம்பியிடம் சொன்னேன். "அப்போ எனக்கு ஓட்டு உண்டாக்கா?" என்றான். "வெளியே வந்துட்டா உண்டு" என்றேன். "குண்டாஸ்ல இருக்கறவங்களுக்குத் தபால் ஓட்டு உண்டுன்னு இங்க பேசிக்கறாங்களே?"

வக்கீலைக் கேட்டேன். உண்மைதான். குண்டாஸ் என்கிற குண்டர் சட்டம் போன்றவற்றில் தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டும் சட்டம் விலக்கு தருகிறது, அவர்கள் தபாலில் வாக்களிக்கலாம். ஆக, சிறைக்குள் ஓட்டுச்சீட்டை அனுப்பி வாங்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 1997-இல் இந்தத் தடையைச் சரி என்று சொன்ன உச்ச நீதிமன்றம், கைதிகளை வாக்களிக்க வைக்கக் கூடுதல் காவலும் வசதியும் வேண்டும் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டியது. பூத்துக்கு அழைத்துப்போக வேண்டாம், அதே தபால் உறையை விசாரணைக் கைதிக்கும் கொடுக்கலாமே என்பதுதான் என் கேள்வி. தன் நடத்தையால் சிறைக்குப் போனவர் வெளியில் இருப்பவருக்குச் சமமான உரிமை கேட்க முடியாது என்பது இன்னொரு காரணம். தண்டனைக் கைதியைப் பற்றி வேண்டுமானால் அப்படி வாதிடட்டும். நாட்டின் சிறைகளில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். என் தம்பி குற்றம் செய்தானா என்று இன்னும் எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அதே வழக்கில் அவனோடு பிடிபட்டவர் ஜாமீன்தாரர் இருந்ததால் வெளியே வந்துவிட்டார். அவருக்கு ஓட்டு உண்டு. நிலமும் வீடும் உள்ள சொந்தக்காரர்கள் இருப்பதும் இல்லாததும் ஓட்டுரிமையை முடிவு செய்கிறது, வேறென்ன?

டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. தம்பியின் பெயர் இருந்தது. உங்கள் வீட்டில் இப்படி யாராவது விடுபட்டிருந்தால் உறுதிமொழியோடு படிவம் 6 கொடுத்துச் சேர்க்கலாம். ஆள் சிறையில் இருக்கிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை, 62(5)-இன் கீழ் 2013-இல் சேர்த்த வாசகத்தை அச்செடுத்துக் காட்டுங்கள். நாங்கள் இப்போது ஜாமீன்தாரர் தேடிக்கொண்டிருக்கிறோம். பெரியப்பா மகன் ஒருவர் வீட்டு வரி ரசீதோடு வரச் சம்மதித்திருக்கிறார், இன்னும் ஒருவர் வேண்டும்.