பூரியில் நவகுஞ்சர தரிசனம்

பூரி ஜகந்நாதர் கோயிலின் உச்சியில் எட்டு உலோகங்கள் சேர்த்து வார்த்த நீலச்சக்கரம் இருக்கிறது. உள்ளே போக முடியாதவர்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டாலே ஜகந்நாதரைத் தரிசித்த புண்ணியம் உண்டு என்று ஒடிசா மக்கள் நம்புகிறார்கள். அதன் வெளிவட்டத்தில், ஒன்பது உயிர்களின் உறுப்புகள் சேர்ந்த விசித்திர விலங்கான நவகுஞ்சரத்தின் எட்டு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. அந்த உருவத்தைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், தரிசனம் முடிந்ததும் அம்மாவுடன் ரகுராஜ்பூருக்குப் புறப்பட்டேன்.

பூரியிலிருந்து அதிக தூரமில்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். வீட்டுக்கு வீடு சித்திரக்காரர்கள். திண்ணைச் சுவர்களிலும் சித்திரங்கள். பட்டசித்திரம் என்னும் துணி ஓவியம் தீட்டும் முதியவர் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். பருத்தித் துணிகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சுண்ணப்பொடி பூசிக் காயவைத்து, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் அதில் தூரிகையை வைக்கிறார்கள். வெள்ளைக்குச் சங்கு, சிவப்புக்கு இங்குலிகம், மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்கு விளக்குக் கரி. நிறம் ஒட்டிக்கொள்ள விளாம்பிசின்.

அவர் மடியில் இருந்த துணியில் நவகுஞ்சரம் பாதி முடிந்திருந்தது. சேவல் தலை, மயில் கழுத்து, காளையின் திமில், சிங்கத்தின் இடை, வாலாக ஒரு பாம்பு. கால்களில் ஒன்று யானையுடையது, ஒன்று புலியுடையது, ஒன்று குதிரையுடையது. நான்காவது கால் இருக்க வேண்டிய இடத்தில் வளையணிந்த மனிதக் கை ஒன்று தாமரையை ஏந்தி நீண்டிருந்தது. அந்த விரல்களுக்கு மட்டும் அவர் மெல்லிய தூரிகைக்கு மாறினார். மூச்சை அடக்கிக்கொண்டு நகங்களைக்கூட ஒவ்வொன்றாக எழுதினார்.

நவகுஞ்சரத்தின் கதை வியாச பாரதத்தில் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் சாரளா தாசர் ஒடிய மொழியில் பாடிய மகாபாரதத்தில் வருகிறது. மலையில் தவம் செய்யும் அர்ச்சுனன் முன்னால் இந்த விசித்திர விலங்கு வந்து நிற்கிறது. கண்டறியாத உருவம் என்பதால் அவன் வில்லை எடுக்கிறான். அப்போது அந்தக் கை கண்ணில் படுகிறது. வந்திருப்பவன் கண்ணன் என்று உணர்ந்து வில்லைக் கீழே போட்டு வணங்குகிறான்.

நம்மூர்க் கோயில் தூண்களில் யாளியின் வாய்க்குள் கைவிட்டுக் கல்லுருண்டையை உருட்டிப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. இப்படி ஒன்று எங்காவது காட்டில் இருந்துவிடக்கூடாதா என்று நானும் ஏங்கியிருக்கிறேன். யாளி தன் பலத்தால் நம்மை வியக்க வைக்கிறது. நவகுஞ்சரம் கேட்பது வேறு. நீ இதுவரை பார்க்காத வடிவில் நான் வந்தால் அம்பு விடுவாயா, அடையாளம் கண்டுகொள்வாயா என்று கேட்கிறது. எப்போதோ வாழ்ந்த விலங்கா, கற்பனையா என்று விசாரிப்பவர்கள் விசாரிக்கட்டும். அப்படி ஒன்று உண்டு என்று நம்ப விரும்பும் மனத்தில் பக்தியின் வேர் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஜகந்நாதரின் முழுமையாகச் செதுக்கப்படாத மரத் திருமேனியையும் வட்டப் பெருங்கண்களையும் உலகநாதன் என்று கண்ணீர் மல்கக் கும்பிடும் மண் பூரி. ஒன்பது உயிர்களின் உறுப்புகள் சேர்ந்த ஒன்றைத் தெய்வமென்று ஏற்க அங்கே யாருக்கும் தயக்கமில்லை.

"முகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, கையைப் பார்த்தால் கிட்டே போகத் தோன்றுகிறது" என்றார் அம்மா. நான் அரைகுறை இந்தியில் அதைச் சொன்னதும் முதியவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

இவர்கள் சித்திரத்துக்குக் கோயிலிலேயே பெரிய இடம் உண்டு. ஸ்நான பௌர்ணமியன்று 108 குடம் நீரால் நீராடிய பிறகு ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை ஆகிய மூன்று தெய்வங்களுக்கும் காய்ச்சல் கண்டுவிடுவதாக ஐதிகம். தேர்த்திருவிழா நெருங்கும்வரை ஏறக்குறைய இரண்டு வாரம் மூலவர் தரிசனம் கிடையாது. அந்த நாட்களில் பூசை, சித்திரக்காரர்கள் துணியில் எழுதிக் கொடுக்கும் மூன்று படங்களுக்குத்தான். ஜகந்நாதர் நாராயணனாகவும், பலபத்திரர் வாசுதேவனாகவும், சுபத்திரை புவனேசுவரியாகவும் அவற்றில் எழுந்தருளுகிறார்கள். அந்தச் சமயத்தில் பூரிக்குப் போனால் தரிசனம் இல்லையே என்று பலரும் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். நானும் அம்மாவும் அந்த நாட்களிலேயே மறுபடி போவது என்று முடிவு செய்திருக்கிறோம்.